அம்மி கொத்தியவரும் டைட்டானியத் திருகும்

சென்ற ஆண்டு ஆவணியில் எங்கள் அம்மாவின் கீழ்த்தாடையிலிருந்து ஒரு டைட்டானியத் திருகு கழன்று வந்தது. கழற்றும் சிரமமே இருக்கவில்லை. மருத்துவர் விரலால் அசைத்துப் பார்த்தார், கையோடு வந்துவிட்டது. வெள்ளைத் துணியில் வைத்து எங்களிடம் காட்டினார். சுண்டுவிரலின் ஒரு கணு நீளம்கூட இல்லாத அத்திருகில் எலும்பின் சுவடே இல்லை.

தவறு எங்களுடையது. எலும்பு பிடிக்க மூன்று மாதமாவது ஆகும், அதுவரை அதன்மேல் பளு கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். இடையில் குடும்பத்தில் ஒரு திருமணம் வந்தது. சிரித்தால் தெரியும் இடம். பந்தியில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அமரக் கூடாது என்று பிள்ளைகள் மூவரும் வற்புறுத்தி, ஐந்தாவது வாரத்திலேயே பல்லைப் பொருத்தச் செய்தோம். "இப்ப என்ன அவசரம் மக்களே?" என்று அம்மா ஒரு முறை கேட்டார். நாங்கள் காதில் வாங்கவில்லை. அம்மாவின் சர்க்கரை அளவு ஏறி இறங்கிக்கொண்டிருந்ததையும் மருத்துவரிடம் அழுத்திச் சொல்லவில்லை.

குற்றவுணர்வு மனிதர்களைப் படிக்க வைக்கிறது. அதன் பிறகுதான் ஒரு உலோகம் எப்படி எலும்போடு சேருகிறது என்று நாங்கள் தேடத் தொடங்கினோம்.

அது ஒரு தற்செயலில் தெரியவந்த விஷயம். ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1952ல் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர், முயலின் கால் எலும்புக்குள் நடக்கும் குருதியோட்டத்தைப் பார்ப்பதற்காக ஒரு சிறு டைட்டானியக் கூட்டைப் பதித்திருந்தார். ஆய்வு முடிந்து அதைத் திரும்ப எடுக்க முயன்றபோது வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டிருந்தது. பிறகு அவர் கோத்தன்பர்க் நகருக்கு மாறினார். அங்கே 1965ல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். லார்சன் 2006ல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை அவருக்கு உழைத்தன.

எலும்பு தொடுவது வெறும் உலோகத்தை அல்ல என்பது எங்களுக்குப் புதிய செய்தி. காற்றுப் பட்ட கணத்திலேயே டைட்டானியத்தின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடுத் தோல் ஒன்று படர்ந்துவிடுகிறது. உடல் பழகுவது அந்தத் தோலோடுதான். பதித்த திருகு தொடக்க வாரங்களில் நூறு, நூற்றைம்பது மைக்ரானுக்கு மேல் அசைந்தால், அங்கே எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான். இரண்டு முடி அளவு அசைவு! பந்தியில் அம்மா கடித்த ஓர் அப்பளத்துக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

நான்கைந்து மாதங்களுக்குப் பிறகு, தாடை ஆறியதும், இரண்டாவது திருகைப் பற்றிப் பேச்சு வந்தது. மருத்துவர் உருப்பெருக்கிய படங்கள் சிலவற்றைக் காட்டினார். தொடக்ககாலத் திருகுகள் கடைசல் இயந்திரத்தில் கடைந்தபடியே பதிக்கப்பட்டவை. பிற்பாடு மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கினால் எலும்பு விரைவாகவும் உறுதியாகவும் பிடிக்கிறது என்று தெரிந்தது. ஒன்று முதல் இரண்டு மைக்ரான் வரையிலான சொரசொரப்பு உகந்தது என்பார்கள். அதற்காக நுண்துகள்களை வீசியடித்து, அமிலத்தில் அரித்தெடுக்கும் முறை பரவலாக இருக்கிறது. லேசரால் கோடு கீறுவது மற்றொரு முறை.

படங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "இது அம்மி கொத்துனது மாதிரில்லா இருக்கு!"

எங்கள் சிறுவயதில் அம்மி கொத்துபவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். வழவழத்துப்போன அம்மியில் மிளகாய் அரைபடாது, வழுக்கும். அவர் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தித் தருவார். அம்மா முதலில் தவிட்டை அரைத்து எறிவார். கல்துகள் உணவில் சேரக் கூடாது. துகள் வீசும் முறையிலும் இதே கவலை உண்டு. வீசிய துகள்களில் சில டைட்டானியத்தில் புதைந்து தங்கிவிடலாம்.

லேசரில் வீசுவதற்குத் துகளே இல்லை. எந்தக் கருவியும் திருகைத் தொடுவதில்லை. ஒளித்துடிப்பு விழும் இடத்தில், 1668 பாகை செல்சியஸில் உருகும் அந்த உலோகம் நொடிக்குள் உருகி ஆவியாகிறது. நானோநொடித் துடிப்பானால் குழியின் விளிம்பில் உருகிய உலோகம் வரப்புப்போல் உறைந்து நிற்கும். ஃபெம்டோநொடி என்பது ஒரு நொடியைக் கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்துக் கோடியாகப் பகுத்தால் வருவது. வெப்பம் பக்கத்தில் பரவ நேரமே இல்லாததால் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அலைவரிகளைக்கூட வரைய முடிகிறது. உளி கொத்திய புள்ளிகள் உளிக்காரரின் கைப்போக்கில் அமைந்தவை. இங்கே எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம்.

அதுவே இதன் முக்கியமான பயன் என்று எங்களுக்குப் படுகிறது. எலும்புக்குள் நன்மை செய்யும் சொரசொரப்பு, ஈறுக்கு வெளியே தலைகாட்டினால் கிருமிகளுக்குக் குடியிருப்பாகிவிடும். ஆகவே எங்கும் ஒரே மாதிரி கொத்தினால் போதாது. திருகின் கழுத்தில் எட்டு முதல் பன்னிரண்டு மைக்ரான் அகலத்தில் லேசர் சால்களை மட்டும் கீறும் ஒரு முறை உண்டு. செல்கள் ஏர்ச்சாலில் ஓடும் நீரைப்போல் அச்சாலின் போக்கிலேயே நீண்டு நகர்கின்றன. வழவழப்பான கழுத்தைச் சுற்றி ஈறின் இழைகள் வளையல்போல் கிடக்கும். சால் கீறிய கழுத்தில் அவை குறுக்காக வந்து பற்றுவதை நுண்ணோக்கி ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

நாங்கள் கழுத்தில் சால் கீறிய திருகையே தேர்ந்தெடுத்தோம். விலை கூடுதல். "இது ஈறுக்கு உதவும்; சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் தினமும் சுத்தம் செய்வதும் இதைவிடப் பெரிய உதவி," என்றார் மருத்துவர். காத்திருக்கும் காலத்தைக் குறைக்கலாமா என்று இம்முறை எங்களில் யாரும் கேட்கவில்லை.

அம்மா பிறந்தது மணவாளக்குறிச்சிக்கு அருகில். அந்தக் கடற்கரையின் கருமணல் வெயிலில் காலைப் பொசுக்கும் என்று எப்போதும் சொல்வார். அம்மணலில் உள்ள இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். 1791ல் வில்லியம் கிரிகோர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இந்தத் தனிமத்தை முதன்முதலில் இனம் கண்டதும் கார்ன்வாலின் இத்தகைய கருமணலில்தான். அம்மாவின் திருகு எந்த நாட்டு மணலிலிருந்து வந்ததோ. இதைச் சொன்னபோது அம்மா, "அப்பம் தெரிஞ்ச சாமான்தான்," என்று சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு.

ஒளித்துடிப்புக்கு அந்தச் சாலைக் கீற நொடியில் நுண்பங்கு போதும். எலும்பு அதை வந்தடைய மாதங்கள் ஆகின்றன. நாங்கள் காத்திருந்தோம். ஐந்து மாதங்கள், ஒரு திருமணமும் இரண்டு வளைகாப்புகளும் அந்த இடைவெளியோடே கழிந்தன. எல்லாப் புகைப்படங்களிலும் அம்மா வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

சென்ற மாதம் மருத்துவர் ஒரு சிறு கருவியின் காம்பால் திருகைத் தட்டிப் பார்த்தார். வெண்கலக் கும்பாவைத் தட்டினாற்போல் கணீரென்று கேட்டது. பிடித்துவிட்டது என்றார். பல் பொருத்த நாள் குறிக்கலாமா என்று கேட்டார். நாங்கள் மூவரும் அம்மாவைப் பார்த்தோம்.

"இன்னும் ரெண்டு வாரம் போகட்டும் மக்களே," என்றார் அம்மா.