கரிசல் வழியே எட்டயபுரத்துக்கு



எங்கள் வீட்டுத் திண்ணையோரத்தில் இரண்டு மிதிவண்டிகள் ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்தன. எங்கள் தாய்மாமா, கோவில்பட்டிக்கு வெளியே நான்குவழிச் சாலையை மிதிவண்டியில் கடக்க முற்பட்டபோது விபத்துக்குள்ளாகி வஃபாத்தானார். எங்கள் இருவருக்கும் மிதிவண்டி ஓட்டக் கற்றுத் தந்தவர் அவர்தாம். ஜனாஸா முடிந்த மறுநாளே உம்மா இரண்டு சாவிகளையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நாங்களும் மறுத்துப் பேசவில்லை.

அண்ணன் தம்பியாகிய எங்களுக்கிடையே பன்னிரண்டு வயது வேறுபாடு உண்டு. மூத்தவர் வேலைக்குச் செல்பவர். இளையவன் பத்தாம் வகுப்பு மாணவன். பள்ளி விட்டு வந்தால் கைப்பேசியும் அவனும் என்றாகிவிட்டது. ஒருநாள் இஷாவுக்குப் பின் அவன் அதில் ஒரு காணொளியைக் காட்டினான். பிரான்சு நாட்டில் குன்றுகளுக்கும் காடுகளுக்கும் நடுவே ஒரு குடும்பம் மிதிவண்டியில் செல்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு கார்கூட இல்லை. அதைப் பற்றித் தேடிப் படித்தோம். ரயில்கள் நின்றுபோன பழைய இருப்புப்பாதைகளில் தண்டவாளங்களை அகற்றி, நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் மட்டுமே உரிய பசுமை வழிகளாக அவற்றை மாற்றியிருக்கிறார்கள். பர்கண்டிப் பகுதியில் ழிவ்ரி முதல் க்ளூனி வரை ஏறத்தாழ 44 கி.மீ. நீளத்துக்கு 1997இல் திறக்கப்பட்ட வழியே அவற்றுள் முதலாவது என்கிறார்கள். ரயில் செங்குத்தாக ஏற இயலாது. ஆகவே அதன் தடத்தில், குன்றுப் பகுதியிலும் மேடு மெல்லவே உயரும். சிறுவரும் முதியவரும் மிதித்துக் கடந்துவிடலாம்.

"அண்ணே, நம்ம ஊர்ப் பக்கம் இப்படி ஒரு ரோடு இல்லையா?" என்று தம்பி கேட்டான்.

மாமா முன்பு எங்களை அழைத்துச் சென்ற வழிகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. கோவில்பட்டியைச் சுற்றிலும் ஊருக்கு ஊர் இணைக்கும் குறுகிய தார்ச்சாலைகள் நிறைய உண்டு. விரைந்து செல்வோர் யாவரையும் நெடுஞ்சாலை தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், அதிகாலையில் அவற்றில் காணக்கூடியவை ஒரு சிற்றுந்து, பால்காரரின் வண்டி, ஓர் ஆட்டு மந்தை அவ்வளவே. மிதிவண்டிக்கென்று போட்ட பாதைகள் அல்ல. ஆயினும் அச்சமின்றி மிதிக்கத்தக்கவை. அவற்றின் வழியே எட்டயபுரம் சென்று திரும்ப அனுமதி கேட்டோம். உம்மா மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நான்காம் நாள் சாவிகளை எடுத்து வைத்தார். "பெரிய ரோட்டுல வண்டி மிதிக்கக் கூடாது. பகல் பத்து மணிக்குள்ள வீட்டுல இருக்கணும்" என்றார்.

முதல் முயற்சி கார்த்திகை மாதத்தில் பாழாயிற்று. மழை விட்ட மறுநாள், குறுக்கு வழி என்று எண்ணி ஒரு வண்டிப்பாதையில் இறங்கிவிட்டோம். கரிசல் மண்ணின் இயல்பை அறிந்தும் செய்த பிழை அது. நனைந்தால் உப்பிப் பசையாகும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் இது. நூறு அடி போவதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே களிமண் அடைத்து, சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டது. குச்சியால் சுரண்டிச் சுரண்டி, முடிவில் வண்டிகளைத் தோளில் சுமந்து தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்தோம். செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணால் நாங்கள் இருவரும் அரை அடி வளர்ந்திருந்தோம். வாசலில் நின்று பார்த்த உம்மா, மாமாவின் மறைவுக்குப் பிறகு முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

தை பிறந்த பின் மீண்டும் கிளம்பினோம். ஃபஜ்ர் தொழுதுவிட்டு, பயண துஆ ஓதி, இரண்டு குப்பித் தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், சிறிய காற்றடிப்பான் ஆகியவற்றுடன் புறப்பட்டோம். நான்குவழிச் சாலையை, பாலத்தின் அடியில் வண்டிகளை உருட்டிக்கொண்டு கடந்தோம். தலைக்கு மேல் லாரிகள் இரைந்து சென்றன. இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அதன்பின் ஒலி படிப்படியாகக் குறைந்தது. நேர்கிழக்கே சென்றதால் வாடைக்காற்று முகத்தில் மோதியது. சமவெளியில் மலையேற்றத்துக்கு நிகரான உழைப்பு அது. இருபுறமும் உளுந்தும் பாசிப்பயறும் நெற்று முற்றியிருந்தன. பருத்தி சில காடுகளில் வெடிக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைத்தான் காடு என்கிறோம். மரங்கள் அடர்ந்த காடு என்று சொல்லத்தக்கது தென்புறத்தில் தெரிந்த குருமலைதான். அது வனத்துறையின் காப்புக் காடு. தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே சென்றோம். மயில்கள் மட்டும் சாலைக்கே வந்து எங்களை எதிர்கொண்டன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "எந்த ஊருப்பா நீங்க?" என்று கேட்டு நிறுத்தினார். மோட்டார் வாகனத்தில் செல்வோரை எவரும் அப்படிக் கேட்பதில்லை.

எட்டயபுரம் சிற்றூர்தான். ஆனால் பாரதியார் 1882இல் பிறந்த வீடும், 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும், சீறாப்புராணம் இயற்றிய உமறுப் புலவரின் அடக்கத்தலமும் அந்த ஒரே ஊரில் உள்ளன. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வரலாற்றை 5,000க்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடிய அப்புலவருக்கு ஸலாம் உரைத்து, துஆ செய்துவிட்டுச் சிறிது நேரம் நின்றோம். அந்த இடத்தில் 1912இல் நினைவு மண்டபம் எழுப்பியவர் கோவில்பட்டியைச் சேர்ந்த பிச்சையாக் கோனார் என்று தம்பிக்குச் சொன்னபோது அவன் வியந்தான்.

"நம்ம ஊர்க்காரரா? அவர் எப்படி இங்க வந்து போயிருப்பார்?"

அன்றைய நாளில் மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோ இதே கரிசலைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும். ஒரு புலவர் மீது கொண்ட அன்புக்காக ஒருவர் இத்தனை தொலைவு வந்து மண்டபம் கட்டினார் என்பதை, மூச்சு வாங்க மிதித்து வந்த அந்தக் காலையில் எங்கள் கால்களே உணர்ந்திருந்தன. பேருந்தில் அரை மணி நேரத்தில் வந்திருந்தால் அது வெறும் செய்தியாகவே நின்றிருக்கும்.

திரும்பும்போது காற்று முதுகில் வீசியது. பாதி வழியில் தம்பியின் பின்சக்கரம் பஞ்சரானது. சாலையோரம் வெட்டிய சீமைக் கருவேலங்கிளை ஒன்று சரிந்து பாதி வழியை அடைத்துக் கிடந்தது, அதன் முள்தான். ட்யூபைக் கழற்றி, தேய்த்து, ஒட்டி முடிக்க அரை மணி நேரமாயிற்று. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மூத்தவர் வண்டியில் ஏறிவிட்டார். தம்பி ஏறவில்லை. அந்தக் கிளையின் அடிப்பகுதியைப் பற்றி இழுத்து, கை கீறக் கீற ஓடைப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் வந்தான். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் இருவரும் ஓதியிருக்கிறோம். அன்று அதை நினைவில் வைத்திருந்தவன் இளையவனே. மூத்தவர் வெட்கத்துடன் இறங்கி, சிதறிக் கிடந்த முட்களைக் காலால் ஒதுக்கினார்.

வீட்டுக்கு வந்தபோது மணி பத்தே கால். உம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தார். தாமதத்துக்குக் காரணம் சொன்னோம். தம்பியின் கைக் கீறலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டே, வழி எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். பிறகு, "உங்க மாமாவும் இந்தப் பக்கமாத்தான் போவாரு. அன்னைக்கு மட்டும் அவசரம்னு பெரிய ரோட்டுல போனாரு" என்றார். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாவிகளை அவர் திரும்பக் கேட்கவில்லை. அவை இப்போது வாசற்கதவருகே ஆணியில் தொங்குகின்றன.

அன்பிற்குரியவர்களே! பிள்ளைகளின் மீதுள்ள அச்சத்தால் மிதிவண்டியைப் பூட்டி வைத்த வீடுகள் நம்மில் எத்தனையோ உண்டு. அந்த அச்சம் நியாயமானது. எங்கள் வீட்டுக்கு அது தெரியும். ஆயினும் ஊருக்கு வெளியே ஓர் அமைதியான சாலை இருக்கிறதா என்று ஒரு விடுமுறைக் காலையில் பிள்ளையுடன் சென்று பாருங்கள். நெடுஞ்சாலையை இறங்கி உருட்டியே கடந்து செல்லுங்கள். வழியில் முள் கிடந்தால் ஒதுக்கிவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் நாங்கள் கழுகுமலை செல்ல எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். இம்முறை மேற்கே; காற்று திரும்பும்போதுதான் முகத்தில் அடிக்கும்.