மழலை மொழியாத மகவு

மக்கட்பேற்றைப் பத்துக் குறட்பாக்களிற் போற்றிய வள்ளுவர், குழந்தையின் மெய் தீண்டலையும், அதன் மழலை கேட்டலையும், அது சிறுகையால் அளைந்த கூழை உண்டலையும் பெற்றோர்க்குரிய இன்பங்களாக வகுத்துரைத்தார். எனின், தீண்டினால் விலகுவதும், ஐந்தாண்டு நிரம்பியும் ஒரு சொல் மொழியாததுமாகிய மகவைப் பெற்ற தாய்க்கு அவ்வதிகாரம் யாது கூறும்? அதனைப் பயிலுந்தோறும் என் நெஞ்சில் எழும் வினா இது. ஏனெனில் என் தம்பி அத்தகைய பிள்ளையாக வளர்ந்தவன்.

அவனது இயல்பை மருத்துவர் ஆட்டிசம் என்பர். அஃது மூளையின் வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. வளர்ப்பின் குறையால் வருவதன்று. 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் அமெரிக்க மருத்துவர் 11 குழந்தைகளைக் கண்டு ஆராய்ந்து இதனை விரித்தெழுதினார். பின்னர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்றதொரு கொள்கை மேல்நாடுகளிற் பரவிற்று. அப்பழியை எதிர்த்து நின்றோருள் முற்பட்டவர் பெற்றோரே. லோர்னா விங் அம்மையார், இத்தகைய மகளைப் பெற்ற மனநல மருத்துவர். 1962-இல் இலண்டனில் பிற பெற்றோருடன் கூடிச் சங்கம் நிறுவினார். அமெரிக்காவில் பெர்னார்டு ரிம்லண்டு தம் மகன் பொருட்டு ஆராய்ந்து, இதன் காரணம் உடலமைப்பைச் சார்ந்தது என 1964-இல் நூல் வெளியிட்டார்.

நம்மிடையே அப்பழி வேறு வடிவிற் கேட்கின்றது. “கருவுற்ற காலத்தில் என்ன செய்தாய்?” என்பர் உறவினர். “யார் செய்த பாவமோ!” என்பர் ஆலய வாயிலில் நிற்போர். பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவனைக் கண்டு சீடர் இவ்வினாவையே எழுப்பியபோது, நம் ஆண்டவர் அவனையும் அவன் பெற்றோரையும் அப்பழியினின்று நீக்கியருளியதை இவர்கள் மறந்தனர் போலும்!

என் தாயார் இப்பேச்சுக்கு மறுமொழி கூறுவதில்லை. நாளின் ஒழுங்கைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டியுள்ளார். நாளைய ஒழுங்கு மாறுமாயின் இன்றே படத்தை மாற்றி அவனுக்குக் காட்டுவார். ஆலயத்தில் ஒலிபெருக்கி முழங்குங்கால் அவன் செவியைப் பொத்துவானாயின், அதட்டாது வெளியே வேப்பமர நிழலுக்கு அழைத்தேகுவார். ஒன்றை வினவினால் விடை வருமளவும் பொறுத்திருப்பார். தண்ணீர்ப் படத்தைத் தானே எடுத்து அவன் முதன்முறை நீட்டிய நாளில், தாயார் கண்ணீர் மல்க அதனை வாங்கிக்கொண்டார். அவர்க்கு அதுவே மழலையாயிற்று.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே குறித்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகைகளைக் குறித்து, இப்பிள்ளைகளை வேற்றுமையின்றிப் பள்ளிகளிற் சேர்க்கவும் விதித்தது. சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே வரவேற்றற்கு மனிதர் வேண்டும்.

நண்பர்களே, நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம், சிலர் ஆயராவோம். அத்தகைய தாய் ஒருத்தி நம்முன் வந்து நிற்குங்கால், காரணம் யாதென வினவற்க. இப்பிள்ளைக்கு எவ்வாறு பேசினால் விளங்கும் என்று வினவுக. அதனை அவளினும் நன்கறிந்தார் அரியர்.