வெள்ளை மாவு, கறுப்புக் கல், ஓடும் காளை

மார்கழிக் கடைசி. ஆத்தூர்.

பெட்டியைப் பிரித்ததும் பேட்டரி சார்ஜுக்குப் போனது. ஆசிரியை கையேட்டோடு திண்ணைக்குப் போனார். மிரர்லெஸ் கேமரா, 24 மெகாபிக்சல், கூடவே 18-55 மில்லிமீட்டர் லென்ஸ். டயலில் ஆட்டோ தவிர பி, ஏ, எஸ், எம் என்று நான்கு எழுத்துகள். இத்தனை நாள் செல்போனே எல்லாவற்றையும் முடிவு செய்துவந்தது. இனி அந்த முடிவுகளைத் தானே எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் சீட்டுப் பணத்தில் இதை வாங்கினார்.

1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவின் படத்தில் இருந்தவை பத்தாயிரம் புள்ளிகள். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கேசட் நாடாவில் ஏற 23 விநாடி பிடித்தது. ஆசிரியையின் கேமரா 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளை நொடிக்குப் பல முறை பதிகிறது.

பொங்கலுக்கு முந்தின வாரம். சேகோ களம்.

குச்சிக்கிழங்கு லாரிகள் ஆத்தூர்ச் சாலைகளில் வரிசை கட்டும் பருவம். கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, மாவைப் படியவிட்டு, குருணையாக உருட்டி, சூடுகாட்டிக் காயப்போட்டால் ஜவ்வரிசி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதினோரு மணி வெயிலில் சிமென்ட் களம் முழுக்க ஒரே வெள்ளை, கண் கூசுகிறது.

எடுத்த படத்தைத் திரையில் பார்த்தால் களம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. கிளறிக்கொண்டிருந்த பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதென்னங்க டீச்சர், எங்க மாவு அழுக்காட்டம் தெரியுது?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. கேமராவின் ஒளிமானிக்கு மாவு தெரியாது, மண்ணும் தெரியாது. எதிரே இருப்பது மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறம், விழுகிற ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடுகிறது. வெள்ளைக் களம் அதைவிடப் பல மடங்கு ஒளியை அனுப்பினால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவுகட்டிப் படத்தை இருட்டாக்கிவிடும். அதற்கு மருந்து ப்ளஸ், மைனஸ் குறி போட்ட பொத்தான். ஸ்டாப் என்ற ஒளி அளவில் ஒன்றரை ப்ளஸ் பக்கம் திருப்பியதும் மாவு வெளுத்தது. அதையும் அளவோடு செய்ய வேண்டும்: திரையில் உள்ள ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் வலது ஓரத்தில் போய் முட்டினால் குருணைகள் கரைந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ஓரத்துக்குச் சற்று முன்னே நிறுத்தியபோது ஒவ்வொரு மணியும் அதன் குட்டி நிழலோடு தெரிந்தது.

பெண்மணிக்கு மறுபடி காட்டினார். “இப்பத்தாங்க நம்ம களமாட்டம் இருக்குது.”

பொங்கலுக்கு மறுநாள். கோட்டை.

வசிஷ்ட நதிக்கரைக் கோட்டையில் பாடம் தலைகீழ். கறுத்த கல்லை முழுக்கச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் கேமரா அதை வெளுத்துச் சாம்பலாக்குகிறது, இங்கே மைனஸ். வளைவுக்குள் நின்று வெளியே பார்த்து எடுத்தாலோ, ஒன்று சுவர் கரியாகிறது, அல்லது வானம் வெள்ளையாகிறது. நம் கண் இரண்டையும் ஒருசேரப் பார்க்கிறது, கேமராவால் அது முடிவதில்லை.

இதே வெயில் லினேயஸ் ட்ரைப்பையும் சோதித்தது. 1856இல் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர் அவர். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த ராயக்கோட்டையையும் சுற்றியுள்ள இடங்களையும் அவர் எடுத்த படத்தொகுப்பு 1858இல் வெளிவந்தது. நிலமும் வானமும் ஒரே நெகட்டிவில் சரியாக விழாத காலம். வெறுமையாய்ப் போன வானத்துக்கு, நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்திருக்கிறார். ஆசிரியைக்கு அந்தச் சிரமம் இல்லை. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, வானம் கெடாத அளவுக்கு ஒளியைக் குறைத்து, சுவரின் இருட்டை வீட்டில் கணினியில் ஏற்றிக்கொண்டார். கல் இணைப்புகளும் வெளியே வந்தன, நீலமும் நின்றது.

தை முதல் வாரம். கூலமேடு.

ஜல்லிக்கட்டுக் கேலரியிலிருந்து எடுத்த முதல் படங்கள் அத்தனையிலும் காளை ஒரு பழுப்புக் கோடு. காரணம் சுலபமான கணக்கு. விநாடிக்கு எட்டு மீட்டர் ஓடும் காளை, ஷட்டர் 1/60 விநாடி திறந்திருக்கும் நேரத்தில் 13 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 என்றால் எட்டு மில்லிமீட்டர்தான். டயலை, ஷட்டர் வேகத்தை நாமே தீர்மானிக்கும் எஸ்ஸுக்குத் திருப்பி 1/1000 வைத்து, ஃபோகஸைத் தொடர் முறைக்கு மாற்றினார். வாடிவாசலிலிருந்து பாய்ந்த மயிலைக்காளையின் திமிலும், அதைத் தழுவிய விரல்களும், காலடியில் தெறித்த தேங்காய்நார்த் துணுக்குகளும் அப்படியே பதிந்தன.

தை நடுவில். தம்மம்பட்டி.

தூங்குவாகை மரத்தில் சாமியும் யாளியும் செதுக்கும் பட்டறை. சன்னல் ஒன்றுதான். லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 6400க்கு ஏற, படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள். பழகிய ஒருவர் தன் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எண் சிறியதானால் துளை பெரியது, 5.6ஐவிட 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் அதற்கு விலை உண்டு: உளிமுனை தெளிவாக இருக்கையில் சிற்பியின் முகம் கலங்கிவிடுகிறது. எது தெளிய வேண்டும் என்று அழுத்தும் முன்பே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆசிரியை உளியை விட்டுவிட்டு முகத்துக்கு ஃபோகஸ் வைத்தார்.

மதுரைப் புகைப்படக்காரர் எம். பழனி குமாரும் இப்படிக் கிடைத்த வெளிச்சத்தில்தான், விடியும் முன்னே மீன் வியாபாரத்துக்குப் போகும் தன் அம்மாவைப் படமெடுத்தார். ‘பாரி’ இணைய ஆவணகத்தில் பணியாற்றும் அவருக்கு 2022இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது. துப்புரவுப் பணியாளர் குடும்பப் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறார். வெளியிலிருந்து வருபவர் எடுக்கும் படத்துக்கும், அந்த வீட்டுப் பிள்ளையே எடுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் ஊரறிய வேண்டியது.

தைக் கடைசி. பள்ளி.

எட்டாம் வகுப்பில் பாதிப் பேரின் பெற்றோர் கிழங்குக் காட்டிலோ சேகோ ஆலையிலோ வேலை செய்பவர்கள். ஆசிரியை கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். முதல் பயிற்சிக்குக் கரும்பலகையும் வெள்ளைச் சுவரும். கறுப்புக்கு மைனஸ், வெள்ளைக்கு ப்ளஸ் என்று அரை மணியில் பிடித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை யார் வீட்டுக் களத்துக்கு முதலில் போவது என்பதில்தான் சண்டை. பெயர் எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறார்கள்.