மதுரையா, சிதம்பரமா, கெய்ரோவா?

"உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்பது நம் நாட்டில் பழைய வேடிக்கை. மனைவி சொல் செல்லுபடியாகும் வீடு மதுரை. கணவர் ஆடினதே ஆட்டம் என்றால் சிதம்பரம். சிம்மக்கல்லில், மாவட்ட மைய நூலகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாத மதுரை. அப்படிப்பட்ட வீட்டுக்குள் சென்ற மாதம் கெய்ரோ புகுந்துவிட்டது.

புகுத்தியவர் வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு எகிப்தைப் பற்றிப் பாடம் நடத்தியவர். நைல் நதியைக் கரும்பலகையில் கை எடுக்காமல் ஒரே வீச்சில் வரைந்துவிடுவார். ஆனால் அந்த நதியில் இதுவரை கால் நனைத்ததில்லை. "கண் நன்றாகத் தெரியும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்பது அவருடைய ஆசை.

ஆசை அவருடையது, பணம் அம்மாளுடையது. அங்கேதான் சிக்கல். அவருடைய சேமிப்பு பாதிச் செலவுக்குத்தான் காணும். மீதிக்கு அம்மாள் வருஷக் கணக்காகக் கட்டி வந்த சீட்டுப் பணத்தில்தான் கை வைக்க வேண்டும். அது இரட்டை வடச் சங்கிலிக்கென்று சேர்த்த பணம்.

"ஏங்க, ஊரெல்லாம் காசிக்குப் போகுது. நீங்க கல்லறை பார்க்கக் கூப்பிடுறீங்க. போயிட்டு வந்து நான் தலை முழுகணுமா, வேண்டாமா? முதல்ல அதைச் சொல்லுங்க" என்றார் அம்மாள்.

சரித்திரப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. ஆசிரியர் விழித்தார். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று சிம்மக்கல்லில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆகவே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"தம்பி, ராஜா கதையெல்லாம் சார் சொல்லிட்டார். அங்கே எனக்கு என்ன இருக்கு? அதை மட்டும் எழுதிக்கிட்டு வாங்க. சரின்னு பட்டா சீட்டுப் பணம் தர்றேன்" என்று காப்பியைக் கையில் கொடுத்தார் அம்மாள்.

கேள்வி நியாயமானது. பத்து நாள் பிரயாணத்துக்கு நான் எழுதிக்கொண்டு போன குறிப்பு இதோ. வாசகிகளில் யாருக்கேனும் இப்படி ஓர் ஆசிரியர் வீட்டில் வாய்த்திருந்தால் பயன்படும்.

சிம்மக்கல்லிலிருந்து சிம்மத்துக்கு

மதுரையிலிருந்து கெய்ரோவுக்கு நேர் விமானம் கிடையாது. வழியில் மாற வேண்டும். விசாவைக் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கோடையில் லக்ஸர் பக்கம் 40 டிகிரிக்கு மேல் போகும். நம் அக்கினி நட்சத்திரத்தைப் பணம் கொடுத்து அங்கே போய் அனுபவிக்க வேண்டியதில்லை.

முதல் மூன்று நாள் கெய்ரோ. நகரை ஒட்டியே கீஸா, அங்கேதான் பிரமிடுகள். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர் உயரம். அதைப் போல மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கூஃபூ மன்னருடைய பெரிய பிரமிடு கட்டி முடித்தபோது இருந்த உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும். அது கட்டி 4,500 வருஷம் ஆகிறது. உள்ளே போக வழி உண்டு. ஆனால் குனிந்துகொண்டே ஏற வேண்டும்; முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியே நின்று பார்த்தால் போதும். பக்கத்திலேயே மனித முகமும் சிங்க உடலுமாக ஸ்பிங்ஸ் படுத்திருக்கிறது. நீளம் 73 மீட்டர். இருந்த இடத்திலேயே பாறையைச் செதுக்கி ஆக்கியது. நம் கோயில்களில் இருக்கும் புருஷாமிருகத்துக்குத் தூரத்து உறவு போலத் தோன்றும்.

2025 நவம்பர் 1ம் தேதி பிரமிடுகளுக்கு அருகே பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தைக் கோலாகலமாகத் திறந்துவைத்தார்கள். 1922ல் கண்டெடுத்த துட்டன்காமன் கல்லறைப் பொருள்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவற்றை அங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம். தங்க முகமூடி முன்னால் கூட்டம் நெரியும். அம்மாளுக்கு நான் குறித்துக் கொடுத்தது அந்தச் சிறு வயது ராஜாவின் சிம்மாசனம். அதன் முதுகுப் பலகையில் இளம் ராணி கணவனுக்கு வாசனைத் தைலம் பூசிக்கொண்டிருக்கிறாள். அரசவை, சேனை, கொடி ஒன்றும் இல்லை. அவர்கள் இருவர், தலைக்கு மேல் சூரியன், அவ்வளவுதான்.

அரசர்களின் பதம் செய்த உடல்கள் கெய்ரோவில் வேறோர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே இரண்டாம் ராம்சேஸ் மன்னரைப் பார்க்கலாம். இறந்து 3,200 வருஷம் ஆகிறது. அவர் மூக்குத் துவாரத்தில் மிளகு மணிகள் இருந்தன! மிளகு நம் மேற்கு மலைச் சரக்கு.

இந்த இடத்தில் அம்மாள், "நம்ம மிளகா? ரசத்துக்குப் போடுற மிளகா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். ஆசிரியர் முகத்தில் நம்பிக்கை அரும்பியது.

நித்திய வீடு

கெய்ரோவிலிருந்து லக்ஸர் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். ராத்திரி ரயில் உண்டு. விமானத்தில் போனால் ஒரு மணி நேரம். இங்கே மூன்று நாள்.

நைலின் மேற்குக் கரையில், புல் பூண்டு இல்லாத மலைகளுக்கிடையே அரசர் பள்ளத்தாக்கு. பொதுச் சீட்டு வாங்கினால் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். சிலவற்றுக்குத் தனிச் சீட்டு. 'கல்லறை' என்பது நாம் வைத்த பெயர். அந்தக் காலத்து எகிப்தியர் அதை 'நித்திய வீடு' என்று சொன்னார்கள். ஆகையால்தான் சுவரெல்லாம் வண்ணச் சித்திரம். சாமான்கள், பெட்டி படுக்கை, சாப்பாடு எல்லாம் உள்ளே.

பலர் அரசர் பள்ளத்தாக்கோடு திரும்பிவிடுகிறார்கள். பெண்கள் தவறவிடக் கூடாத இடம் அருகிலேயே இருக்கிறது. டெய்ர் எல் மெதினா என்று பெயர். அரசர் கல்லறைகளைக் குடைந்த கொத்தர்களும் ஓவியர்களும் பெண்டு பிள்ளைகளோடு குடியிருந்த கிராமம். சுமார் எழுபது வீடுகளின் அடிச்சுவர்கள் தெரு வரிசை மாறாமல் நிற்கின்றன. முன்கட்டில் சாமி மாடம், நடுவில் கூடம், பின்கட்டில் அடுப்பு. அவர்கள் உடைந்த பானை ஓட்டிலும் கல் சில்லிலும் எழுதி எறிந்த குறிப்புகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சலவைக்குப் போட்ட துணிக் கணக்குக்கூட இருக்கிறது.

மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் இந்த ஊர்க்காரர்களுக்குக் கூலித் தானியம் வந்து சேரத் தாமதமாயிற்று. "பசிக்கிறது" என்று வேலையைப் போட்டுவிட்டுக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலை நிறுத்தம் என்று இதைச் சொல்கிறார்கள். "ரேஷன் வரலேன்னா வேறே என்ன செய்வாங்க?" என்றார் அம்மாள்.

அதே ஊரில் சென்னெஜெம் என்ற தொழிலாளியின் கல்லறையை 1886ல் கண்டுபிடித்தார்கள். செங்குத்தான சிறு படிகளில் குனிந்து இறங்க வேண்டும். சுவரில் அவரும் மனைவி இய்னெஃபெர்ட்டியும் மறு உலகத்தில் வயல் வேலை செய்கிறார்கள். அவர் ஏர் ஓட்டுகிறார். அவள் பின்னாலேயே விதை தூவிக்கொண்டு போகிறாள். இருவரும் விசேஷத்துக்குப் புறப்பட்டவர்கள் போல வெள்ளை வெளேரென்று உடுத்தியிருக்கிறார்கள்.

கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"செத்த பிறகும் வேலைதானா? சரி, ஜோடியாவாவது செய்யுறாங்களே!"

படகில் ஒரு திருக்கல்யாணம்

லக்ஸரிலிருந்து அஸ்வான் வரை நைலில் படகுப் பிரயாணம், மூன்று அல்லது நான்கு இரவுகள். தங்கும் அறை, சாப்பாடு எல்லாம் படகிலேயே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். வயதான தம்பதிக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது.

வழியில் எட்ஃபூ என்ற ஊரில் ஹோரஸ் கோயில் இருக்கிறது. முன்காலத்தில் தெந்தேராவிலிருந்து ஹாத்தோர் தேவி வருஷந்தோறும் படகில் ஏறி, ஆற்றை எதிர்த்துப் பல நாள் பிரயாணம் செய்து, கணவர் ஹோரஸைக் காண இங்கே வருவாளாம். வழி நெடுக ஊர்கள் கூடி உற்சவம். கள்ளழகர் மலையிலிருந்து புறப்பட்டு மண்டகப்படிதோறும் நின்று வைகைக்கு வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அஸ்வானிலிருந்து அபு சிம்பல் சுமார் 280 கிலோமீட்டர். விடியுமுன் காரில் கிளம்ப வேண்டும். இரண்டாம் ராம்சேஸ் அங்கே மலையைக் குடைந்து தமக்கு ஒரு கோயிலும், பட்டத்து ராணி நெஃபெர்ட்டாரிக்கு ஒரு கோயிலும் எடுத்தார். எகிப்தியச் சிற்பங்களில் ராணியின் உருவம் ராஜாவின் முழங்கால் உயரத்தில் நிற்பதே பெருவழக்கம். ராணியின் கோயில் வாசலிலோ அவள் சிலை ராஜாவுக்குச் சரிசமமான உயரம். அஸ்வான் அணைக்கட்டு நீரில் மூழ்க இருந்த இந்த இரண்டு கோயில்களையும் 1964 முதல் 1968க்குள் கண்டம் கண்டமாக அறுத்து, 65 மீட்டர் மேலே கொண்டுபோய் மறுபடி பொருத்தினார்கள்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. அரிசி, பருப்பு, மாக்கரோனி கலந்து, வதக்கின வெங்காயமும் தக்காளிச் சாறும் விட்ட 'குஷரி' தெருவுக்குத் தெரு கிடைக்கும். மொச்சை இனத்துப் பயற்றை அரைத்துப் பொரித்த 'தாமியா' நம் வடைக்குத் தங்கை. 'பக்ஷீஸ்' என்ற சொல் மட்டும் நாள் முழுதும் காதில் விழும். சில்லறை வைத்துக்கொள்ள வேண்டும்.

உறியும் கொற்றனும்

குறிப்பு முடிந்தது, அம்மாள் இன்னும் 'சரி' சொல்லவில்லை. "முழங்கால் தாங்குமா பார்ப்போம்" என்றார். ஓர் ஒத்திகை வைத்துப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை மூவரும் கீழடிக்குப் போனோம். மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது.

அம்மாள் தந்தச் சீப்பையும், நூல் நூற்ற தக்களியையும், தாயக் கட்டையையும் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருந்த இடத்தில், "என் பாத்திரத்திலேயும்தான் பேர் வெட்டியிருக்கு" என்றார்.

அங்கே வைத்துத்தான் ஆசிரியர் சொன்னார். எகிப்தின் செங்கடல் கரையில் குசைர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்திலும் இப்படியே பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கணன், சாதன் என்று நம் பழைய தமிழி எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. இன்னோர் ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதை 2007ல் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். ஒறி என்றால் உறி. தெற்கே பெரெனிகே துறைமுகத்துக் கோயிலில், நம் நாட்டுச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது.

"உறியா!" என்று அம்மாள் நின்றுவிட்டார். "எங்க அப்பத்தா வீட்டிலே பூனைக்குப் பயந்து தயிர்ப் பானையை உறியிலேதான் தொங்கவிடும். அத்தனை தூரத்திலேயும் பூனை இருந்திருக்கும் போல!"

ஆசிரியர் விடவில்லை. அரசர் பள்ளத்தாக்குக் கல்லறைச் சுவர்களிலேயே தமிழிக் கீறல்கள் இருப்பதை சார்லொட் ஷ்மிட், இங்கோ ஸ்ட்ரௌக் என்ற இரண்டு அறிஞர்கள் 2026 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் அறிவித்ததைச் சொன்னார். ஆயிரத்து எழுநூறு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முற்பட்டவை. சிகை கொற்றன் என்ற ஒருவர் ஐந்து கல்லறைகளில் எட்டு இடத்தில் தம் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். வந்ததையும் கண்டதையும் சொல்லியிருக்கிறார். நாயக்கர் மகால் தூணில் பெயர் கீறும் நம் பிள்ளைகளுக்கு மூதாதை!

அம்மாள் யோசித்தார்.

"எட்டு இடத்திலேயா? பக்கத்திலே பொண்டாட்டி இருந்தா முதல் சுவத்திலேயே அதட்டியிருப்பாளே! பாவம், ஒண்டியாப் போயிருக்கான்."

பிறகு கணவரைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், சுண்ணாம்புக் கட்டி பிடிப்பது போல விரலை மடக்கி, எனக்குக் காற்றிலேயே நைல் நதி வரைந்து காட்டிக்கொண்டிருந்தார் ஆசிரியர்.

"இவரையும் ஒண்டியா விடக் கூடாது, தம்பி" என்றார் அம்மாள்.

நிபந்தனைகள் மூன்று. பிரமிடுக்குள் ஏறச் சொல்லக் கூடாது. டெய்ர் எல் மெதினாவுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். புளிக்காய்ச்சலும் மிளகுப் பொடியும் பெட்டியில் முதலில் ஏறும். "தலை முழுகுவது?" என்று ஆசிரியர் மெள்ள நினைவூட்டினார். "ஹோட்டல்லே வெந்நீர் வருமில்லே?" என்று அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

தை பிறந்ததும் புறப்பாடு. சங்கிலி அடுத்த சீட்டுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஆகவே, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில்: அந்த வீட்டில் இன்றும் மதுரைதான். மதுரைதான் சிதம்பரத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு கெய்ரோவுக்குப் போகிறது!