ஓடினால் குளிர், நின்றால் அனல்

கார் ஏசி ஒரேயடியாகக் கெட்டுப்போனால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போய்விடலாம். விட்டுவிட்டு வேலை செய்கிற ஏசிதான் ஆளைப் படுத்திவிடும். எங்கள் வண்டி கோவில்பட்டி ரோட்டில் ஓடும்போது ஜில்லென்று இருக்கும். சங்கரன்கோவில் பஜாருக்குள் ஊர ஆரம்பித்ததும் அனல். பின்சீட்டில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அக்னி நட்சத்திர வெயில் வயசானவர்களுக்கு விளையாட்டில்லை.

போகிற பட்டறையிலெல்லாம் "கேஸ் கம்மியா இருக்கு அண்ணாச்சி, போட்டுருவோம்" என்றார்கள். மூடிய குழாய்க்குள் சுற்றுகிற கேஸ் கசிவு இல்லாமல் எப்படிக் குறையும்? அளவுக்கு மீறி ஏற்றினால் அழுத்தம் கூடி, கோளாறு இன்னும் மோசமாகும்.

கடைசியில் ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி கேஸ் பக்கமே போகவில்லை. பானெட்டைத் திறந்து, ஏசியைப் போடச் சொல்லி, முன்னால் இருக்கும் கண்டென்சர் ஃபேனைப் பார்த்தார். அது சுற்றவே இல்லை. ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர வைத்துவிடும். நின்றால் ஃபேன்தான் அந்த வேலையைச் செய்யணும். அது நின்றால் அழுத்தம் எகிறும், பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கண்டென்சர் தகடுகளுக்கு நடுவில் நம்ம கரிசல் புழுதி வேறு கெட்டியாக அப்பிக்கிடந்தது.

ஃபேன் மோட்டாரை மாற்றி, தகடு வளையாமல் மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். இப்போது பஜாரிலும் குளிர்கிறது. கேஸ் போடக் காசை எடுக்குமுன், தயவுசெய்து அந்த ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.