இரண்டு கதவுக் கார்

2005இல் ‘இனிஷியல் டி’ படம் வந்தபோது எனக்கு 12 வயது. தவ்ஃபு விற்கும் அப்பாவுக்காக ராத்திரியில் மலைப்பாதையில் சரக்குக் கொண்டுபோகும் பையன், ஒரு பழைய டொயோட்டா ஏஇ86ஐ வளைவுக்கு வளைவு சறுக்கவிட்டு ஓட்டுவான். பக்கத்து வீட்டு சீன நண்பனோடு அந்த சிடியைத் தேயத் தேயப் பார்த்தோம். பிறகு 2012இல் டொயோட்டா, சுபாருவுடன் சேர்ந்து அதே 86 என்ற பெயரில் ஒரு புதிய காரைக் கொண்டுவந்தது. பின்சக்கர இழுவை, இரண்டு கதவு, 200 குதிரைத் திறன். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் மேகி மீ சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

12 ஆண்டுகள் கழித்து கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. கல்யாணம் ஆகவில்லை. “ரெண்டு கதவு கார்ல எங்கள எங்கடா உக்கார வைப்ப?” என்று அம்மா கேட்டார். பின்னால் இரண்டு இருக்கை உண்டு என்றேன். படத்தைக் காட்டியதும், “இது பை வைக்கிற எடம்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காரை வைத்துக்கொள்வது பலர் நினைப்பதுபோல் அவ்வளவு ஆடம்பரம் இல்லை. 1,998 சிசி என்பதால் தீபகற்பத்தில் சாலை வரி ஆண்டுக்கு 379 வெள்ளிதான். வாங்குவதில்தான் சிரமம். ஸ்போர்ட்ஸ் காரை அடக்க ஒடுக்கமாக ஓட்டுவதற்கென்று யாரும் வாங்குவதில்லை. நமக்கு முன்னால் வைத்திருந்தவர் அதை என்ன பாடுபடுத்தினார் என்பது அவருக்கும் அந்தக் காருக்கும்தான் தெரியும்.

முதலில் சுங்கை பெசியில் ஜப்பானிலிருந்து வந்த ரீகோன் கார்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். வெள்ளை நிற 86. மீட்டரில் 38,000 கிலோமீட்டர் என்று காட்டியது. ஆனால் கிளட்ச் பெடலின் ரப்பர் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டியரிங்கின் தோல் பளபளத்தது. ஜப்பானில் ஏலம் போனபோது கொடுத்த தாளைக் கேட்டேன். “இருக்கு போஸ், ஹெட் ஆபீஸ்ல இருக்கு” என்றார் விற்பனையாளர். சேசி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதும், அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

இரண்டாவது கடை கிளென்மேரி பக்கம். காலை 10 மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். பானெட்டில் கை வைத்தால் சுட்டது. “உங்களுக்காக சூடு பண்ணி வெச்சேன் போஸ்” என்றார் அந்த இளைஞர், உபசாரம் செய்ததுபோல. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சினை முதல் தடவை உயிர்ப்பிக்கும்போது வரும் சத்தம்தான் வாங்குகிறவன் கேட்க வேண்டியது. அதை அவர் எனக்கு முன்னால் கேட்டு முடித்துவிட்டார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவதாகக் கிள்ளானில் ஒரு தமிழர் கடை. ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி, மேசையில் முருகன் படம். “வாங்க தம்பி, சாப்டாச்சா?” என்றுதான் ஆரம்பித்தார். என் ஊர், அப்பா செய்த வேலை, எந்தத் தோட்டம் என்று எல்லாம் விசாரித்தார். கடைசியில் அவருடைய மாமா வேலை செய்ததும் அதே செம்பனை ஆலையில்தான் என்று தெரிந்தது. “அப்ப நம்ம புள்ளதான்” என்றார். அதற்குப் பிறகு என்னால் அவரிடம் பேரம் பேச முடியவில்லை. கணக்கில் ‘புரோசெசிங்’ என்று ஒரு தொகையைச் சேர்த்திருந்ததைக்கூட எதற்கென்று கேட்கக் கூச்சமாக இருந்தது. வியாபாரத்தில் “அண்ணே, தம்பி” என்ற சொற்களுக்கு என்ன விலை என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

கார் நன்றாக இருந்தது. 2013ஆம் ஆண்டு வண்டி, சிவப்பு நிறம். விலை 92,000. சனிக்கிழமை அப்பாவை அழைத்துப் போனேன். அப்பா செம்பனை ஆலையில் லோரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஸ்போர்ட்ஸ் காரும் ஒன்றுதான், டிராக்டரும் ஒன்றுதான்.

பூட்டைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்பேர் டயர் பள்ளத்தில் விரலை ஓட்டினார். முன் மட்கார்டு போல்ட்டுகளில் சாவி போட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்தார். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பின்டயர்கள் இரண்டிலும் 2218. 2018ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தவை என்று அர்த்தம். “இது ரெண்டையும் மாத்தணும்” என்றார். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டு கிடந்த அந்தக் கடைசி முழத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். வெள்ளத்தில் நின்ற காரில் தரை விரிப்பை மாற்றுவார்கள், இருக்கையைக் கழுவுவார்கள். பெல்ட்டின் அடிப்பகுதியைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். சேறு அங்கே இருக்கும்.

சேறு இல்லை. எஞ்சின் விஷயத்திலும் எனக்குத் திருப்தி. 2012, 2013இல் செய்த இந்த எஞ்சின்களில் வால்வு ஸ்பிரிங் முறியக்கூடும் என்று 2018இல் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். எஞ்சினையே இறக்கிச் செய்ய வேண்டிய வேலை அது. அந்த வேலை முடிந்ததற்கான தாளை அண்ணன் கேட்காமலேயே எடுத்து வைத்தார். மற்ற இரண்டு கடைகளிலும் இப்படி ஒரு விஷயம் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

“சரி தம்பி, உங்க மைவிய பாத்துருவோமா?” என்றார்.

என்னுடைய மைவி 2015ஆம் ஆண்டு வண்டி. அதை அவரிடமே கொடுத்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டுவதாகப் பேச்சு. அதைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். மீட்டரைப் பார்த்தார்.

“அடிபட்டிருக்கா?”

“இல்லண்ணே.”

“வெள்ளம் கிள்ளம்?”

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. தாமான் ஸ்ரீ மூடாவில் சித்தி வீட்டு வாசலில் அந்த மைவி நின்றிருந்தது. இருக்கையின் அடிப்பாகம் வரை தண்ணீர். நாங்கள் மாடியில் இருந்தோம். வெள்ளத்துக்கென்று தனியாகச் சேர்க்க வேண்டிய காப்பீட்டை நான் சேர்த்திருக்கவில்லை. அதனால் இழப்பீடு கேட்கவில்லை. கேட்காததால் எங்கேயும் பதிவு இல்லை. அப்பாதான் விரிப்பையெல்லாம் கழற்றி ஒரு வாரம் வெயிலில் போட்டு, இணைப்பு ஒவ்வொன்றாகத் துடைத்து, அதைத் திரும்ப ஓட வைத்தார். நன்றாகத்தான் ஓடுகிறது. மழை நாள்களில் மட்டும் ஏர்பேக் விளக்கு எரியும், பிறகு தானே அணைந்துவிடும். அன்றைக்கு வெயில்.

“இல்லண்ணே” என்றேன்.

அப்பா சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். 22,000 வெள்ளி என்று முடிவானது. பெல்ட்டை அண்ணன் இழுத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஷா ஆலாம் தாண்டும்வரை அப்பா பேசவில்லை. பிறகு, “அவரு பெல்ட்ட இழுத்தாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “ம்” என்றார். அவ்வளவுதான்.

பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் பரிசோதனையிலும் மைவி சிக்கலில்லாமல் தேறியது. எஞ்சின் எண், சேசி எண்ணெல்லாம் பார்க்கிறார்கள். தண்ணீர் புகுந்ததா என்று கேட்கும் பரிசோதனை இல்லை அது.

86 வீட்டுக்கு வந்தது. இரண்டு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. காலை 6 மணிக்கு எழுந்து உலு யாம் மலைச்சாலைக்குப் போய்வந்தேன். அம்மாகூட ஒருமுறை முன்னால் உட்கார்ந்து கோயிலுக்கு வந்தார். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு திட்டினார். அதிலும் சந்தோஷம் இருந்தது.

மூன்றாவது வாரம், பின்டயர் விலை தேடிக்கொண்டிருந்தபோது என் மைவியின் விளம்பரம் கண்ணில் பட்டது. கழுவி, மெருகேற்றி, டயருக்குக் கறுப்புச் சாயம் பூசி நிறுத்தியிருந்தார்கள். விலை 27,800. கீழே மூன்று வரிகள். ஒரே உரிமையாளர். விபத்து இல்லை. வெள்ளம் இல்லை.

அண்ணன் எழுதியதில் பொய் இல்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தேன். சுற்றி வளைத்துச் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

“அன்னைக்கே சொல்லியிருந்தா மூவாயிரம் கொறச்சிருப்பேன், அவ்ளோதான் தம்பி. நான் என்ன ஒங்கள கடிச்சா தின்னுருப்பேன்?”

“மூவாயிரத்த நான் தந்துடறேன்ணே.”

“அது சரி. ஒரு டீச்சர் புக்கிங் போட்டுட்டாங்களே. சின்னப் பொண்ணு. மொதல் வேலை, மொத கார்.”

“அவங்ககிட்ட சொல்லிடுங்கண்ணே. ஏர்பேக் விளக்கையும் சொல்லுங்க. வெலய கொறச்சுக் குடுங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் யாரோ காற்றடிக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சொல்றேன்” என்றார். “ஆனா ஒண்ணு தம்பி. ஒங்கப்பா வந்து என் வண்டிய மோந்து மோந்து பாத்தாரு. நான் ஒண்ணுமே நெனக்கல. ஒங்க வண்டிய நான் மோந்து பாக்கல, ஏன் தெரியுமா?”

எனக்குத் தெரியும். பதில் சொல்லவில்லை.

அன்று மாலையே பணத்தை அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று பதிலுக்கு வந்தது. மறுநாள் பார்த்தால் விளம்பரம் இல்லை. அந்த டீச்சரிடம் சொல்லிவிட்டு விற்றாரா, சொல்லாமல் விற்றாரா, அவர் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு முறை போன் செய்தேன். ஒருமுறை எடுக்கவில்லை. இன்னொரு முறை எடுத்து, “எல்லாம் செட்டில் தம்பி” என்றார். என்ன செட்டில் என்று கேட்க என் நாக்கு எழவில்லை. ஃபெடரல் நெடுஞ்சாலையில் வெள்ளி நிற மைவி எது போனாலும் இப்போதும் எண் தகட்டைப் பார்க்கிறேன்.

டயருக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அதோடு போயிற்று. போனஸ் வந்தால் மாற்ற வேண்டும். அதுவரை மழை தூறினால் 86 வீட்டில்தான் நிற்கிறது. நான் எல்ஆர்டி ஏறி வேலைக்குப் போகிறேன். நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“ஏர்பேக்க சொன்னியா?”

“சொன்னேன்பா.”

“டயர் எப்ப மாத்தப்போற?” என்றார்.