வளைந்து மீளும் சிறகு

நுழையும்முன்

முறியாமல் விறைத்து நிற்பதே வலிமை என்று பலரும் கருதுவர். வளைந்துகொடுத்து மீள்வதும் வலிமையே என்பதைத் தட்டானின் சிறகு உணர்த்துகிறது. அச்சிறகைக் கற்ற பொறியாளர், ஆளில்லா வானூர்திக்குப் புதியதொரு சுழலியைச் செய்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மழைக்காலத்தில் வயல்வெளியில் தாழப் பறக்கும் தட்டானை அறியாத சிறுவர் இலர். நாணலிலும் நெற்றாளிலும் அதன் சிறகு அடிக்கடி மோதுகிறது. ஆயினும், மோதிய கணத்தில் வளைந்து, மறுகணமே நிமிர்ந்து, அது தன்வழியே பறந்து செல்கிறது. தாளினும் மெல்லிய சிறகுக்கு இவ்வாற்றல் எவ்வாறு வாய்த்தது?

சிறகின் நுட்பம்

தட்டானின் சிறகில், முன்விளிம்பின் நடுப்பகுதியை ஒட்டிச் சிறு கணு ஒன்று உண்டு. நரம்புகள் கூடும் அவ்விடம், சிறகு முழுவதும் தளர்ந்துவிடாமலும் முழுவதும் விறைத்துவிடாமலும் காக்கிறது. நரம்பு மூட்டுகளில் ரெசிலின் என்னும் புரதம் அமைந்துள்ளது. பூச்சிகளின் உடலில் இப்புரதத்தைக் கண்டறிந்து, 1960ஆம் ஆண்டில் அறிவித்தவர் டென்மார்க் நாட்டு உயிரியலாளர் டோர்கெல் வைஸ்-ஃபோக். ரப்பரைப் போல நீண்டு, பெற்ற ஆற்றலை ஏறத்தாழ முழுவதும் திருப்பித் தருவது அதன் இயல்பு.

சுழலியின் குறை

ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியின் சுழலிகள் விறைப்பான பிளாஸ்டிக்காலோ கரியிழையாலோ செய்யப்படுகின்றன. நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் அவை விரலில் பட்டால் கத்திபோல் வெட்டும். மரக்கிளையில் பட்டால் தாமே முறியும். நான்கு சுழலிகளுள் ஒன்று முறிந்தாலும் ஊர்தி நிலைதடுமாறி வீழும். வயலில் மருந்து தெளிக்கவும் வெள்ளத்தில் சிக்கியோரைத் தேடவும் இவ்வூர்தி மனிதரை நெருங்கி வருகிறது. அதனுடன் ஆபத்தும் நெருங்கி வருகிறது. சுற்றிலும் கூண்டு அமைத்தால் எடை கூடும். பறக்கும் நேரம் குறையும்.

தட்டான் சுழலி

இதற்குத் தீர்வு தேடிய ஜப்பானின் இஷிகாவா மாநில ஆய்வாளர்கள் தட்டானின் கணுவை நோக்கினர். விறைத்த சுழலியின் இடையே சிலிக்கோன் ரப்பராலான மென்மூட்டு ஒன்றை வைத்து, அதனுள் நைலான் இழைகளைத் தசைநார்கள் போலப் பொருத்தினர். மோதும்போது இச்சுழலி மடங்குகிறது. அடியின் வேகம் தணிகிறது. பின்னர் ஒரு நொடிக்குள் நிமிர்ந்து சுழல்கிறது. தடையில் மோதிய ஊர்தி, வீழாமல் தன்னிலை மீண்டு பறந்தது. இச்சுழலிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘டொம்போ’. ஜப்பானிய மொழியில் தட்டான் என்பது அதன் பொருள். அந்நாட்டின் பழம்பெயர்களுள் ஒன்றும் ‘தட்டான் தீவு’ எனப் பொருள்படுவதே.

எனினும், மென்மை மிகுந்தால் மேலே தூக்கும் விசை குறையும்; விறைப்பு மிகுந்தால் காயம் மிகும். இரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் காண்பதே பொறியாளரின் பெரும்பணியாயிற்று. தட்டானின் முன்னோரோ ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே வானில் பறந்தவை.

மோதாமல் பறப்பது எவ்வாறு என்பதே பொறியாளர் நெடுங்காலம் கேட்டுவந்த வினா. மோதிய பின்னும் பறப்பது எவ்வாறு என்று கேட்கக் கற்றுத்தந்தது வயலோரத்துச் சிற்றுயிர். வினா மாறியதும் விடையும் கிட்டியது.